காலியாகக் கிடக்கும் மாடி

கடத்தூரில் ஞாயிறுதோறும் நானும் நண்பர் ஒருவரும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்துகிறோம். எங்களிடம் படித்த செல்வி நர்ஸ் ஆனபோது, "இவ எம் பொண்ணு மாதிரிங்க" என்று சால்வை போட்டவர் அந்த நண்பர்தான். அவளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைத்ததும், குடியிருக்க அவர் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்க அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிப்போனேன்.

"உங்க குலசாமி எதுங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். சாதியைத் தெரிந்துகொள்ள எங்கள் பக்கம் இதுதான் வழி. அம்மா சொன்னதும், "வூடு நேத்தே பேசி முடிச்சாச்சுங்க" என்றார். செல்வி கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மாடி இன்னும் காலிதான். போன வாரம், "நம்ம கிளாஸை அங்கயே வெச்சுக்கலாங்க, வாடகை வேணாம்" என்றார். அந்தப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். பாய் விரித்துப் படுக்கத்தான் கூடாது.