இடுப்பில் வெளுத்த மருந்து

எண்பதுகளின் தொடக்கம், ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். அம்மாவுக்கு இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், படர்தாமரை. டவுனில் மருந்துக்கடைக்காரர் ஒரு ட்யூப் கொடுத்தார். அரிப்பு நின்றது. அந்த இடத்துத் தோல் மட்டும் வெளுத்தும் போனது. அம்மா அதைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இடுப்புல வெளுத்தது மூஞ்சில வெளுக்காதா?"

தங்கச்சி மாநிறம். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று போனவர்கள்தான். எங்கள் தெருவில் இவர்களுக்கு 'பஜ்ஜி ஆசாமிகள்' என்று பேர்.

கடைக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். "தாராளமா போடுங்க. சீமையில ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதுங்க" என்றார். எந்தச் சீமை, யார் ஆராய்ச்சி என்று கேட்க வாய் வரவில்லை. மருந்து அலமாரிக்கு முன்னால் நின்று யார் சொன்னாலும் எங்களுக்கு டாக்டர்தான்.

தினமும் தங்கச்சி முகத்தில் என் விரலால் நானே பூசிவிட்டேன். சில வாரத்தில் கன்னம் பளிச்சென்று ஆனது. காட்டூரிலிருந்து மூன்றாவது வரன் வந்தது. பையனின் பெரியம்மா முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, பவுடர் வருகிறதா என்று தங்கச்சி கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். "ஒட்டலை, அசல் நிறம்தான்" என்றாள், கத்தரிக்காய் பொறுக்குகிற குரலில். அம்மா சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

கல்யாணத்துக்கு நாலு மாசம் இருந்தது. நிறம் நிற்கணுமே என்று தொடர்ந்து பூசினோம். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, மேலே பூனைமுடி. "எரியுதுக்கா" என்றாள். "தாலி ஏறற வரைக்கும் பொறுத்துக்கடி" என்றேன். சொன்னது நான்தான்.

கடைசியில் அவளே பஸ் ஏறித் தோல் டாக்டரிடம் போனாள். "படைக்குப் போடற மருந்தை மூஞ்சில போடுவாங்களாம்மா? நிறுத்துனா கொஞ்ச நாள் மோசமாத்தான் இருக்கும்" என்றாராம். நிறுத்தினாள். முகம் பூராவும் சீழ்க்கொப்புளம்.

புடவை எடுக்கக் கூப்பிட வந்த அதே பெரியம்மா வாசலிலேயே நின்றாள். "தோல் வியாதியை மறைச்சிட்டீங்களே."

தங்கச்சி முன்னே வந்து கன்னத்தைக் காட்டினாள். "வாங்கம்மா. இப்பவும் ஒருதரம் துடைச்சுப் பாத்துடுங்க."

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். கல்யாணம் நின்றது. முகம் ஆற ஒரு வருஷத்துக்கு மேலானது. இன்றுவரை, தலைவாரிவிடக் கூட, தங்கச்சி என் விரலைத் தன் முகத்துப் பக்கம் விட்டதில்லை.