பரவையிலிருந்து பழங்காநத்தத்துக்குக் கிடாயோடு

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பரவை மார்க்கெட் வாசலில் ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழங்காநத்தத்தில் என் கடைசித் தங்கை பேச்சியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன்னால்.

மூட்டை தூக்க ஆரம்பித்து இன்று இரண்டு லாரிக்குச் சொந்தக்காரன் நான். ஓட்ட மட்டும் தெரியாது. பழகப் போன அன்றே லாரியை வாய்க்காலில் இறக்கினேன்; அன்றிலிருந்து இடது முழங்கால் மடங்காது. அந்த இரண்டு லாரியும் வெங்காயம் ஏற்றப் போயிருந்தன. சீர்க்கிடாயை மாமனே கையில் பிடித்துப் போவதுதான் எங்கள் வழக்கம். ஆள்வசம் அனுப்பினால் பங்காளிகள் வாய் சும்மா இருக்காது.

பலகையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதன் படி என் இடுப்பு உயரம். எப்படியோ கம்பியைப் பிடித்தேன். கண்டக்டர் கிடாயைப் பார்த்தார்.

"நீங்க ஏறுங்கண்ணே. அவரு நடந்து வரட்டும்."

பஸ்ஸே சிரித்தது. இறங்கிவிட்டேன்.

காலியாகத் திரும்பிய மாட்டுவண்டி ஒன்று அரசரடி வரை ஏற்றிக்கொண்டது. வண்டிக்காரர் காசு வாங்கவில்லை. பரவையில் என்னைத் தெரியாத வண்டிக்காரர் கிடையாது. அங்கே இறங்கும்போது ஒன்பதரை. அடுத்து சைக்கிள் ரிக்‌ஷா. எனக்கு இரண்டு ரூபாய், கிடாய்க்கு ஒன்று. கொம்பு தன் முதுகில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரிக்‌ஷாக்காரர் மிதித்தார்.

பழங்காநத்தத்தை நெருங்கினால் ரயில்வே கேட் அடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் ஐந்தாவது வீட்டில் பந்தல் தெரிகிறது. எல்லோரும் குனிந்து, சைக்கிளைச் சாய்த்து, கேட்டுக்கு அடியில் நுழைந்து போகிறார்கள். நான் எங்கே குனிவது? மணி பத்தைத் தாண்டிவிட்டது. ரயிலைக் காணோம். ரிக்‌ஷாக்காரர்தான் நுழைந்து ஓடிப்போய்ப் பந்தலில் தகவல் சொன்னார்.

சற்று நேரத்தில் மொட்டைத் தலைப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு பேச்சி வந்தாள். பின்னால் அவள் புருஷன், ஆசாரி, தாம்பாளம் ஏந்திய பெண்கள். எல்லோரும் குனிந்து இந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

"ரெண்டு லாரி, ரெண்டு லாரின்னு ஊரெல்லாம் சொல்லுவீகளேண்ணே. ஒண்ணுகூட இன்னைக்கு உதவலையே."

"மடிதானத்தா வேணும்? அதக் கொண்டாந்துட்டேன்."

ரிக்‌ஷாவிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தபோது மணி பத்து இருபது. பிள்ளை வீறிட்டான், அப்போதுதான் ரயிலும் ஊதியது. எங்களுக்குப் பின்னால் நின்ற டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாகக் காப்பரிசி கொடுத்தார்கள். கேட் திறந்ததும் பஸ் டிரைவர் வெல்லம் ஒட்டிய கையை ஆட்டி, எங்களை முன்னால் போகச் சொன்னார்.

சாயங்காலம் பஸ்ஸில்தான் ஊர் திரும்பினேன். கிடாய் என்னோடு இல்லாததால் கண்டக்டர் கைகொடுத்தே ஏற்றினார். மார்க்கெட் வாசலில் என் லாரி இரண்டும் வந்து நின்றன. எப்படிப் போனீர்கள் என்று டிரைவர்கள் கேட்டார்கள்.

"ரிக்‌ஷாவுலதான்" என்றேன். "பின்னாடியே ஒரு டவுன் பஸ் வந்துச்சு."