கோவிந்தராஜின் அப்பாவை நான் எடுத்த படங்கள்

போன வாரம் தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தேன். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கால் தானாக ஆடும். பக்கத்தில் இருந்த அம்மாள், “பெஞ்சு ஆடுதுங்க” என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். காலை அடக்குவதற்காகச் செல்போனை எடுத்தேன். பழைய பொருட்கள் விற்கும் செயலியில், நல்லம்பள்ளியிலிருந்து யாரோ ஒரு ஃபிலிம் கேமராவை விற்பனைக்குப் போட்டிருந்தார். வாஷிங் மெஷின் மேல் வைத்து எடுத்த படம். தோல் உறை, அறுந்த வார். கீழே, “கண்டிஷன் தெரியாது” என்று ஒரு வரி. நேர்மையான மனிதர். இரண்டு விரலால் பெரிதாக்கி லென்ஸைப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளை நூல் பிரிந்தது போலப் பூஞ்சை.

அவ்வளவுதான். பெஞ்சு மறுபடி ஆடத் தொடங்கியது.

செல்போனில் வாசனை வராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தது. பாச்சை உருண்டையோடு பீரோவில் பல வருடம் அடைந்து கிடந்த தோலின் வாசனை. அந்த வாசனைக்காக நான் இந்த மாவட்டத்தில் நுழையாத தெரு கிடையாது. அப்போது நான் மருந்துக் கம்பெனி ரெப். டை கட்டிக்கொண்டு, சாம்பிள் மாத்திரைப் பையோடு, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று பைக்கில் சுற்றுகிற வேலை. டாக்டரைப் பார்ப்பது இரண்டு நிமிடம், அதற்குக் காத்திருப்பது இரண்டு மணி நேரம். டிஜிட்டல் கேமரா வந்து எல்லோரும் ஃபிலிம் கேமராவைப் பரண் மேல் தூக்கிப் போட்டிருந்த காலம். காத்திருக்கிற நேரத்தில் கம்பவுண்டரிடம், லாட்ஜ் மேனேஜரிடம், டிராயிங் வாத்தியாரிடம் மெதுவாகக் கேட்பேன்: “வூட்ல பழைய கேமரா ஏதாவது கெடக்குதுங்களா?” மாத்திரை விற்றதைவிட அந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருப்பேன். அந்நாளைய என் கம்பெனி மேனேஜர் இதைப் படித்தால் படிக்கட்டும், இப்போது என்ன செய்துவிட முடியும்.

கோவிந்தராஜ் எனக்கு அறிமுகமானதே அப்படித்தான். அவன் வேறொரு கம்பெனி ரெப். கம்பைநல்லூரில் ஒரு டாக்டரின் கம்பவுண்டர், தன் மாமனாரின் ஜப்பான் கேமராவை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். போய் நின்றால், அதே கேமராவை அவனுக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் டை கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவன்தான் சிரித்தான். “நீயே எடுத்துக்கோ. ஆனா மொதல் ரோல் ரெண்டு பேரும் சேந்து எடுக்கலாம்” என்றான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இருவர்தான்.

எங்களுக்குள் ஒரு வித்தியாசம் இருந்தது. அவனிடம் இருந்தது இரண்டே கேமரா. அவற்றையே வைத்து எடுத்துக்கொண்டே இருப்பான். எந்த லென்ஸ் எந்த வெளிச்சத்தில் என்ன செய்யும் என்று அவன் கைக்குத் தெரியும். என்னிடம் பத்துப் பதினைந்து இருந்தன. ஒன்று கைக்கு வந்ததும் ஒரு ரோல் ஓட்டிப் பார்ப்பேன். அதோடு அதன் மேல் இருந்த மோகம் வடிந்துவிடும், மனம் அடுத்த ஊருக்குப் போய்விடும். “ஒனக்கு கேமரா வேணாண்டா, அடுத்த கேமராதான் வேணும்” என்பான். நகைச்சுவை என்று நினைத்து நானும் சிரிப்பேன்.

அவன் வீடு கம்பைநல்லூருக்குப் பக்கத்தில். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். சொந்தமாக ஒரு வெல்ல ஆலைக் கொட்டகையும் இருந்தது. கோவிந்தராஜ் பிறப்பதற்கு முன்பு, ஆலையில் கொதிக்கிற பாகு தெறித்து அவருடைய இடது கன்னம் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை வெந்துபோயிருந்தது. நேரில் பேசும்போது அதை அவர் மறைக்க மாட்டார். நம் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் கேமரா என்று ஒன்று வந்தால் எழுந்து போய்விடுவார். மகள் கல்யாண ஆல்பத்தில் அவர் இல்லை. தாலி கட்டுகிற படத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு வேட்டி தெரியும், அதுதான் அவர் என்று கோவிந்தராஜ் காட்டினான். அரசாங்க அட்டைகளுக்கு எடுத்தது தவிர அவருக்கென்று ஒரு படம் கிடையாது.

ஒரு முறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் என் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பின்னாடி டிவி இல்லீங்களா?”

“இல்லப்பா. இது ஃபிலிம். பெங்களூருக்கு அனுப்பிக் கழுவி வரணும். ரெண்டு வாரம் ஆவும்.” நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

“அப்ப எடுத்த ஒடனே நாலு பேரு கூடி நின்னு பாக்க முடியாது.”

“முடியாதுப்பா.”

கேமராவை என்னிடம் திருப்பித் தந்தார். “செல்லுல எடுத்தா ஒடனே பாத்துப்புட்டு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு, இந்தப் பக்கம் திருப்புன்னு சொல்றாங்க. இதுன்னா ஒக்காரலாம் போல இருக்குது. வர்ற ஞாயித்துக்கிழம வாங்க தம்பி” என்றார்.

கோவிந்தராஜ் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தான். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். “நான் எடுத்தா கூச்சப்படுவாரு. நீ எடு. ஆனா அந்தக் கம்பவுண்டர் கேமராவையே கொண்டாடா. அது நம்பிக்கையானது.”

“சரிடா” என்றேன்.

வெள்ளிக்கிழமை அரூரில் மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவில் எனக்கு ஒரு கேமரா கிடைத்தது. உருவத்தில் கனம், லென்ஸ் கண்ணாடி கிணற்றுத் தண்ணீர் மாதிரி. அதைப் பார்த்த பிறகு சொன்ன சொல்லில் நான் எங்கே நிற்பது? ஞாயிற்றுக்கிழமை பைக் டேங்க் மேல் வைத்திருந்த பையில் இருந்தது அந்தப் புதிய பழைய கேமராதான்.

அப்பா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆலைக் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கரும்பு வெட்டு முடிந்து ஆலை ஓடாத மாதம். கூரை ஓலை இடுக்கு வழியாக வெளிச்சம் சாய்வாக விழுந்தது. ஃபிலிம் போடும்போது அதன் நாக்கை எதிர்ப்பக்கத்து உருளையில் சொருகி, இரண்டு சுற்று சுற்றி, பற்றிக்கொண்டதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைச் சாத்த வேண்டும். எனக்கு அது தெரியாததல்ல. ஆனால், “ஆரம்பிக்கலாங்களா?” என்று அவர் கேட்டார். வெளிச்சம் போய்விடுமோ, அவர் மனம் மாறிவிடுமோ என்று எனக்குப் படபடப்பு. சொருகினேன், சாத்தினேன்.

அன்று காலை அவர் உட்கார்ந்த மாதிரி ஒரு மனிதர் கேமரா முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதல் சில படங்களுக்கு வலது பக்கத்தைக் காட்டினார். பேச்சுக் கொடுத்தேன். விளைச்சல் பற்றி, தண்ணீர் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நான் எதுவும் கேட்காமலே, “இந்தப் பக்கமும் எடுத்துக்கோங்க” என்று இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கோவிந்தராஜ் கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டான்.

கேமராவின் மேல் எடுத்த படங்களை எண்ணிக் காட்டும் எண், ஒரு ரோலின் கணக்கான முப்பத்தாறைத் தாண்டியது. சில ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாக வரும், நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதில் என் விரல் நின்றது. ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடியைத் திருப்பினேன். நிறைய நேரம் இழுத்துப் பிடித்தபடி சுற்ற வேண்டிய கைப்பிடி, நாலே சுற்றில் காற்றில் சுழன்றது. ஃபிலிம் ஒரு அங்குலம்கூட ஓடியிருக்கவில்லை.

“எல்லாம் வுழுந்துச்சுங்களா?” என்று கேட்டார் அப்பா, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.

“வுழுந்துருச்சுப்பா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? வெட்கம். நாற்பது முறை அந்த மனிதரை உட்கார வைத்துவிட்டு, ஃபிலிமை ஒழுங்காகச் சொருகத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை என் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று அந்த ரோலைக் கூரியரில் பெங்களூருக்கு அனுப்பவும் செய்தேன். அந்த இரண்டு வாரமும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. போக வேண்டாத ஊருக்கெல்லாம் போனேன். சாப்பாட்டுக் கடையில் இலை போட்ட பிறகு எழுந்து வந்தேன். லேபிலிருந்து போன் வந்தது. வெற்று ரோல் சார், ஒன்றும் பதிவாகவில்லை என்றார்கள்.

கோவிந்தராஜிடம், “லேப்ல கெடுத்துட்டாங்கடா” என்றேன்.

“முழுசாவா?”

“முழுசா.”

அவன் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து லீவு போட்டுக் காலை ரயிலில் பெங்களூர் போனது எனக்குத் தெரியாது. மாலையில் ஸ்டேஷனிலிருந்து நேராக என் அறைக்கு வந்தான். பையிலிருந்து கழுவிய ஃபிலிம் சுருளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பளிங்கு மாதிரி வெறுமையாக இருந்தது.

“ஓரத்துல பாரு. நம்பருங்க. ஒண்ணுலருந்து முப்பத்தாறு வரைக்கும் தெளிவா நிக்குது. லேப்ல கெட்டிருந்தா இதுவும் கெட்டுப் போயிருக்குமாம். இது கேமராக்குள்ள ஓடவே இல்லன்னு அந்த ஆளு கன்னடத்துல பொறுமையா வெளக்குனாரு.”

நான் குனிந்து அந்த எண்களைப் பார்த்தேன்.

“நான் போனதும் அவர வாய்க்கு வந்தபடி திட்டுனேன்டா. அப்பா படம்னு அழுதுட்டேன். அவரு தண்ணி குடுத்து ஒக்கார வெச்சி, அப்பறந்தான் எடுத்துக் காட்டுனாரு. கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்.” சுருளை மேசை மேல் வைத்தான். “எந்தக் கேமராடா கொண்டாந்த?”

“அரூர்ல வாங்கினது.”

“ம்” என்றான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “அப்பாகிட்ட நீயே சொல்லிடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு போனேன். அப்பா வயலில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயைக் கீழே வைத்தார்.

“படம் வுழுவாததுக்கு ஒண்ணியும் இல்லீங்க தம்பி. மிஷின்தான. ஆனா நீங்க சொன்ன பொய்ய நம்பி எம்பையன் எங்கியோ போயி, சம்பந்தமில்லாத ஒரு ஆளத் திட்டிட்டு வந்திருக்கான். அது எனக்கு ஒப்பல.”

தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கேட்டார்: “நீங்க பாத்தீங்கல்ல? அந்தக் கண்ணாடி வழியா. எப்பிடி இருந்தேன்?”

வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் சொன்னேன். ஸ்டூலில் கை ஊன்றியிருந்தது, மூக்கின் மேல் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது, தண்ணீர் கேட்டுக் குடித்தது, எதற்கோ சிரித்தது. அச்சிட்ட படத்தை வாங்கிப் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

“இந்தப் பக்கம் ரொம்ப மோசங்களா?”

“தோலு சுருங்கி இருந்துச்சுப்பா. வெளிச்சம் பட்டு மினுங்குச்சு. கண்ணு ரெண்டும் ஒரே மாதிரி தெளிவா இருந்துச்சு. மோசமில்ல.” அதில் பொய் இல்லை.

“இன்னொரு தடவ எடுக்கலாம்பா, பழைய கேமராவுல” என்று கெஞ்சினேன்.

“வேணாங்க. அன்னிக்கு ஒக்காந்தாப்பல இன்னொரு நாளைக்கி ஒக்கார வராது” என்று எழுந்து குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கோவிந்தராஜ் என்னோடு சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேறு வேலை வந்தது, அவ்வளவுதான். பிறகு கம்பெனி மாறி ஓசூர் போனான். நான் கேமராக்களை ஒவ்வொன்றாக விற்றேன், மறுபடி வாங்கினேன், மறுபடி விற்றேன். இரண்டு வருடத்துக்கு முன்பு கம்பைநல்லூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது சாலையோரத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். பெயரைப் படித்துத்தான் அவர் என்று தெரிந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, இடது கன்னத்தைக் கம்ப்யூட்டரில் வழவழப்பாக்கியிருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். கோவிந்தராஜ் வாசலில் நின்றிருந்தான். “வாடா” என்றான். இருவரும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என்னைப் பார்க்காமலே, “ஃப்ளெக்ஸ்காரன் அப்பாவ அழகு பண்ணிட்டான்” என்றான்.

அந்த ஆலைக் கொட்டகை இப்போது இல்லை. பிளாட் போட்டு, கல் நட்டு, நடுவில் தார் ரோடு ஓடுகிறது. பெங்களூர் லேபும் மூடிவிட்டது என்று கேள்வி. ஃபிலிமில் விழாத நாற்பது படங்கள் என்னிடம் மட்டும் இருந்தன. வரப்பில் உட்கார்ந்த அன்று நாற்பதையும் வரிசையாகச் சொல்ல முடிந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் வந்தது. அவர் சிரித்தது தெரிகிறது. எதற்குச் சிரித்தார் என்பது போய்விட்டது.