கடல் மட்டத்திலேயே மூச்சுத் திணறியவன்

லடாக் மலையில் பெரிய தொலைநோக்கி ஒன்று வரப்போகிறது, அதை மூடிச் சுழலும் இரும்புக் கூண்டைச் செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பட்டறைதான் செய்யப்போகிறது என்று சொன்னபோது முதலில் கை தட்டியவன் நான். செய்து லாரியில் ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைத்த அறிவாளி.

பட்டறைத் திடலில் கூண்டு முழுசாக எழுந்து, நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டியது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, கல்யாண மண்டபமா என்று விசாரித்தார்கள். பிறகு அதைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றினோம். அப்போதுதான் மேனேஜர் என் தோளில் கை போட்டார். கழற்றியவனே மேலே போய் மாட்டவும் வேண்டுமாம். காற்றே அரைகுறையாகக் கிடைக்கும் இடத்தில்.

நானோ கோவளத்துக்காரன். அலை கொஞ்சம் எட்டி வந்தால் வாசலில் நிற்கும். வாழ்க்கையில் நான் ஏறிய உயரம் மகாபலிபுரம் கலங்கரை விளக்கம். அதிலும் பாதியில், செருப்பு அறுந்துவிட்டது என்று சொல்லி இறங்கியவன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் நண்பர்கள் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். தேர்தலுக்காகத் தலைவர்களை எல்லாம் கழற்றிவிட்டதால் அந்த இடத்தில் நான் ஒருவன்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஒரு ராக்கெட்டோடு. ராக்கெட் எதற்கு என்று படகு வைத்திருக்கும் நண்பனிடம் கேட்டேன்.

“மேல பாக்குறதுன்னா ராக்கெட்டுதான் மச்சான். நீ சொம்மா போய்ட்டு வா.”

மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை மருத்துவப் பரிசோதனை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் மலைக்கு அனுப்ப மாட்டார்களாம். ஓட்டுப் போட்ட மறுநாள் காலை, கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பைத் தேடி எடுத்து விரலில் மாட்டினேன். எண்பத்து நாலு.

முதலில் சந்தோஷம். மலைக்குப் போக வேண்டாம். அடுத்த நொடி, கடலோரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கே எண்பத்து நாலு என்றால் அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று யோசித்தேன். உடனே மூச்சு வாங்கியது. நாற்காலியில் சாய்ந்து, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடம் உருக்கமாகத் தெரிவித்தேன். சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கிளிப்பைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். எண்பத்தாறு. கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்தாள். பிறகு அடுத்த கைக்கு மாற்றினாள். தொண்ணூற்றெட்டு. என் வலது கையை இழுத்து மாட்டினாள். அதே தொண்ணூற்றெட்டு.

“ஓட்டு மை வச்ச வெரல வுட்டுகினு சாவப்போறேன்னு உக்காந்துகினு கீற. எழுந்து போய் குளிய்யா.”

உயிர் பிழைத்த மகிழ்ச்சி குளியலறை வரைக்கும்தான் இருந்தது. பரிசோதனையில் தேறிவிடுவேனே.

அதனால் அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், மிகுந்த ஒத்துழைப்போடு, இடது ஆள்காட்டி விரலை நீட்டினேன். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அந்த வெரல் வேணாம் சார். காலைலருந்து ஓட்டுப் போட்டவங்க எல்லாம் சீரியஸாத்தான் இருக்காங்க.”

தேறிவிட்டேன். போனேன். அங்கே வேலை முடிந்து கூண்டு முதன்முதலாகச் சுழன்றபோது, நகம் வளர்ந்து அதில் இருந்த ஓட்டு மை நுனிக்கு வந்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரைக் குழந்தையைப் போல மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் சுற்றியது போலவே நிற்காமல் ஒரு சுற்று வந்தது. கண் கலங்கியது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“சூப்பர் மச்சான். ராக்கெட்டு எங்க?”