தேசப்பன் பேர் இல்லாத பாட்டு

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியிருந்த குப்பங்கள் எல்லாம் ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு ஆடின. இறால் தடவும் பெண்கள் அதைப் பாடினார்கள். வலை உலர்த்தும் ஆண்கள் பாடினார்கள். கப்பலுக்குத் துணிமூட்டை சுமப்பவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே பாடினார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. என்னிடம் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று என் ஞாபகசக்தி. இன்னொன்று, அந்தப் பாட்டைக் கட்டிய தேசப்பன் எங்கள் அத்தையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்பது.

அவரை நான் பார்த்த ஞாபகம் இல்லை. அத்தைக்கும் அவருக்கும் வெற்றிலை பாக்கு மாற்றிய மறு மாதமே, கப்பலில் பாய் இழுக்க ஆள் வேண்டும் என்று ஒல்லாந்தர் கூப்பிட, ஒரு பருவம் போய்வருகிறேன் என்று கிழக்கே கடல் தாண்டி பத்தாவியாவுக்குப் போனாராம். ஆறு வருடம் ஆகிவிட்டது. தாய் தகப்பன் இல்லாதவர், அதனால் காத்திருக்க அத்தையைத் தவிர வேறு ஆளும் இல்லை. அவர் வரவில்லை, அவருடைய பாட்டு மட்டும் குப்பம் குப்பமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அந்தப் பாட்டில் முதலில் ஏரி வரும், காற்று வரும், பெண்டாட்டிக்குப் பயந்து வளைக்குள் ஒளியும் நண்டு வரும். கடைசியில்தான் விசேஷம். பேர்போன பாட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். முன்பாட்டு பாடுகிறவள் கேட்பாள்:

எல்லப்பன் உடுக்கை கேக்குதா?

மற்றவர்கள் குனிந்தபடியே பதில் பாடுவார்கள்:

கேக்குது, கேக்குது, தண்ணிக்குள்ள கேக்குது.

பிறகு பசியாவரத்துச் சின்னம்மா குரல், ஒற்றைக்கண் மாரி தாளம் என்று மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் அதே பதில். நான் நிஜமாகவே காதைத் தண்ணீருக்குள் விட்டுக் கேட்டிருக்கிறேன். உள்ளே 'ம்ம்' என்று ஒரு சத்தம் எப்போதும் இருந்தது. அது உடுக்கையா சின்னம்மாவா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதே தவிர, எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. உப்புத் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் காது வலிக்கும். அந்த வலியோடு படுத்தால் தூக்கத்திலும் ஏரி பாடும்.

ஒரே ஒரு குறை எனக்கு. ஏழு பேரைப் பாட்டில் ஏற்றிய மனுஷன் தன் பேரை விட்டுவிட்டாரே. பந்தி பரிமாறுகிறவர் தனக்கு இலை போட மறந்த மாதிரி இருந்தது. அத்தையிடம் கேட்டேன்.

"அவரு பேரு அதுல வரக் கூடாதுடி," என்றாள் அத்தை. அடக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டைக்குப்பத்திலிருந்து ஒருவர் அத்தையைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். சொந்தப் படகு உள்ளவர், அதிகம் பேசாதவர். வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்புவார், அத்தையின் அண்ணனான என் நைனாவும் வருடத்துக்கு ஒருமுறை அதே பதிலைச் சொல்லி அனுப்புவார்.

"குடுத்த வாக்கு குடுத்ததுதான். அவன் இருக்கறானா இல்லியான்னு தெரியாம நான் எப்படிப்பா இன்னொரு எடத்துல குடுப்பேன்?"

அத்தை உள்ளே நண்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பாள்.

கப்பல் வந்த சேதி கிடைத்தால் மட்டும் அத்தைக்குக் கால் நிற்காது. நண்டுக் கூடையைத் தலையில் வைத்து, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு துறைக்குப் போவாள். நண்டு விற்பது ஒரு சாக்கு. கிழக்கேயிருந்து வந்த ஆட்களை எல்லாம் விசாரிப்பாள். எல்லோரும் தெரியாது என்பார்கள். அந்த வருடம் தை மாதத்தில் ஒருவன் தெரியும் என்றான். நாகப்பட்டினத்து ஆள், துணி ஏற்றிக்கொண்டு அன்று மாலையே புறப்படுகிற கப்பலில் வந்தவன்.

"யாரு, பாட்டுக்கார தேசப்பனா? அவரு சௌக்கியமா இருக்காரும்மா. அங்கேயே வீடு வாசல்னு ஆயிடுச்சு. ரெண்டு புள்ளைங்க. பெரியவன் அப்பனாட்டமே பாடுறான்."

எனக்கு ஒரே சந்தோஷம். ஆறு வருடமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டார், போதாக்குறைக்குப் பாடுகிற பிள்ளை வேறு. அத்தை கூடையில் இருந்த நண்டு முழுவதையும் அவனுக்குச் சும்மா கொடுத்தாள். சந்தோஷத்தில் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது படகில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வீட்ல நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கறேன்."

நான் காத்திருந்தேன். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. அவள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இறால் தடவப் போனோம். ஏரி மேல் பனி இறங்கியிருந்தது. எதிர்க்கரை இல்லை, வானம் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், கழுத்தில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, கையால் சேற்றைத் தடவித் தடவி வரிசையாக நகர்ந்தார்கள். வழக்கமாக முன்பாட்டு அத்தைதான். அன்று, "தொண்டை கட்டிக்கிச்சு, நீ பாடுடி," என்று என்னிடம் தள்ளிவிட்டாள். கண்ணும் சிவந்திருந்தது. ஜலதோஷம் என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் குரல் பனிக்குள் போவதும், ஆளே தெரியாத இடத்திலிருந்து பதில் வருவதுமாக, நான் பாடுகிறேனா கனவு காண்கிறேனா என்று இருந்தது. எல்லப்பன், சின்னம்மா, மாரி, ஏழு பேரும் முடிந்தார்கள். அந்த மிதப்பில், வெகுநாளாக நடக்கிற அநியாயத்தை இன்றே தீர்த்துவிடுவது என்று தோன்றியது. எட்டாவதாக ஒரு பேர் சேர்த்தேன்.

தேசப்பன் பாட்டு கேக்குதா?

பதில் வரவில்லை. தண்ணீரில் கைகள் அப்படியே நின்றன. எங்கள் குப்பங்களில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு, யாரும் எனக்குச் சொல்லாதது. அந்த வரிசை செத்துப்போனவர்களுக்கானது. ஒருவர் போய்விட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு, சொந்தக்காரர் முதலில் 'கேக்குது' என்று பாடினால்தான் பேர் ஏறும். ஏறிய பேரை இறக்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா அத்தையைப் பார்த்தாள். "இன்னாடி சொல்றா கொழந்த? கப்பல்ல சேதி வந்துச்சா?"

அத்தை நிமிர்ந்து நின்றாள். பிறகு குனிந்து, கையைச் சேற்றுக்குள் விட்டு, கட்டிக்கொண்ட தொண்டையாலேயே பாடினாள்.

கேக்குது, கேக்குது, தண்ணிக்குள்ள கேக்குது.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து அத்தையைக் கட்டிக்கொண்டார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. "அவருக்கு ரெண்டு..." என்று ஆரம்பித்தேன். அத்தையின் சேற்றுக் கை என் வாயைப் பொத்தியது.

"பாட்ட முடிடி," என்றாள். நான் அழுதுகொண்டே முடித்தேன்.

நைனா கேட்டபோது, "கப்பல் ஆளு ஒருத்தன் சொன்னான்," என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை. நைனா தலை முழுகினார். ஒரு நாள் முழுக்கப் படகடியில் உட்கார்ந்திருந்தார். மாசி கழிந்ததும் அவரே கோட்டைக்குப்பத்துக்கு ஆள் அனுப்பினார். விட்டுவிட்டுப் போனவனுக்காகக் காத்திருந்தவள் என்று ஒருத்தரும் அத்தையைப் பேசவில்லை. பாவம், கொடுத்துவைக்கவில்லை என்றார்கள். தேசப்பன் பாட்டை முன்னைவிட அதிகமாகப் பாடினார்கள், எட்டுப் பேரோடு.

வைகாசியில் கல்யாணம். மஞ்சள் புடவையில் அத்தை படகில் ஏறப்போகும் நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னேன்.

"அத்த, அந்தக் கப்பல்காரரு சொன்னத நைனாகிட்ட சொல்ல மறந்துட்டியே."

அத்தை என்னைப் பார்த்தாள். என் தலையில் நழுவியிருந்த பூவைச் சரியாக வைத்தாள்.

"மறந்துட்டேன்டி. நீயும் மறந்துடு."

படகு போய்விட்டது. அத்தையை நினைத்து எனக்கு ஒரே இரக்கமாக இருந்தது. ஏழு வயது எனக்கே நினைவிருக்கிறது, இவ்வளவு பெரியவள், இவ்வளவு பெரிய சந்தோஷ சேதியை எப்படித்தான் மறந்தாளோ என்று கரையில் நின்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.