பங்களா வாத்துகளும் பிரித்துக் கிடந்த மோட்டார் சைக்கிளும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் அவரை வெவ்வேறு வயதில், வெவ்வேறு இடத்தில் அறிந்தவர்கள். பதுளையில் பழகியவர்களுக்கு அவர் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். பூனாகலை உறவுகளுக்கு அவர் வாத்துக்காரர். இரண்டையும் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்கள் அம்மாவும் நானும்தான். அம்மாவால் இப்போது எழுத உட்கார முடியாது. ஆகவே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பூனாகலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் சரிவில் விழுந்து இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். அம்மாவின் கொழுந்து பறிக்கும் சம்பளம் மூன்று வயிற்றுக்குப் போதவில்லை. அண்ணன் படிப்பை விட்டுப் பண்டாரவளையில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் சேர்ந்தார். தொழில் கற்றுக்கொண்டு திரும்பியபோது தோட்டத்திலேயே வேலை கிடைத்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, கிளாக்கர்மார் ஆகியோரின் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பிராவை ஒட்டி ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொள்ளவும் அனுமதி தந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்துப் பெரிய துரை சீமைக்கே திரும்பிப் போனார். பங்களாவைப் பூட்டினார்கள். அங்கே நின்ற ஒரு பழைய வண்டியைப் பார்த்துவரச் சொல்லி அண்ணனை அனுப்பினார்கள். போன இடத்தில் பூந்தோட்டத்துக் குளம் வற்றிக் கிடந்தது. துரைசாணி வளர்த்த வாத்துகளில் மிஞ்சிய ஆறு அந்தச் சிமெந்துத் தரையில் எழுந்து நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன.

"இதுங்கள யாரு பாக்குறது?" என்று காவல்காரரிடம் அண்ணன் கேட்டாராம்.

"நாய் பாக்குது, கீரி பாக்குது. எனக்கே சோறு இல்ல தம்பி. வேணுமின்னா எடுத்துக்கிட்டுப் போ."

இரண்டு கொழுந்துக் கூடைகளில் அவற்றை வைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணன் வந்து இறங்கினார். லயமே வேடிக்கை பார்க்கக் கூடியது. அன்றிலிருந்து கொட்டிலுக்கு வருகிறவர்கள் வண்டியைப் பற்றி ஒரு கேள்வியும் வாத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பது வழக்கமானது.

"கொளம் இல்லாம வாத்து உசுரோட இருக்குமா?"

"தல முங்குற அளவுக்குத் தண்ணி இருந்தாப் போதும். கண்ணையும் மூக்கையும் கழுவிக்கிரும்."

"காலு ஏன் வீங்கியிருக்கு?"

"சிமெந்துத் தரையில கெடந்தது. உப்புத் தண்ணியில வச்சுக் கழுவி, மானாப்புல்லு பரப்பி விட்டுருக்கேன்."

"காலையில வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே?"

"பிளக்கக் கழட்டிப் பாருங்க. கறுத்து ஈரமா இருந்தா பெட்ரோல் கூடப் போகுது."

ஒருநாள் ஆண் வாத்து ஒன்று, வண்டியிலிருந்து வடித்து வைத்திருந்த கறுத்த எண்ணெய்த் தட்டில் விழுந்துவிட்டது. இறகெல்லாம் ஒட்டிப்போய் நடுங்கியது. அண்ணன் வெதுவெதுப்பான தண்ணீரும் சவர்க்காரமும் வைத்து அதைத் திரும்பத் திரும்பக் கழுவினார். இறகு பழையபடி தண்ணீரைத் தள்ளும்வரை அதை நனையவிடக் கூடாது என்று எங்கள் அடுப்படியிலேயே வைத்திருந்தார். அது அம்மாவின் சேலை முந்தானையைக் கொத்திக்கொண்டு வீட்டுப் பிள்ளை மாதிரி திரிந்தது.

பிறகு பஞ்சம் வந்தது. அந்த வருடங்களை மலையகத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அரிசி இல்லை, மாவு குறைந்தது. கடையில் பாண் ரொட்டிக்கு விடியமுன் போய் நின்றவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். பிள்ளைகளுக்குக் கால் வீங்கியது. அடுத்த லயத்தில் இரண்டு முதியவர்கள் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் கொட்டிலுக்குப் பின்னால் ஐந்தும் அடுப்படியில் ஒன்றுமாக ஆறு வாத்துகள் நடமாடிக்கொண்டிருந்தன. அம்மா பயந்தார்.

"யாருக்காச்சும் குடுத்துருடா. இன்னிக்கில்லாட்டி நாளைக்கு வருவாங்க."

அண்ணன் வேலை முடிந்ததும் தண்ணீர் வடியும் கான்களில் இறங்கி நத்தையும் புழுவும் பொறுக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு மாவில் ஒரு சிட்டிகைகூட வாத்துக்குப் போனதில்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? வேலை விட்டு வருகிறவர்கள் எங்கள் கொட்டிலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். அதுவரை "என்னா வாத்துக்காரரே" என்று கூப்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். முன்னால் நின்றவர் எங்களுக்கு இரண்டு காம்பிரா தள்ளியிருந்த ராமையா அண்ணன். பின்னால் இன்னும் சிலர். ராமையா அண்ணன் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. எங்கள் அண்ணன் தன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாத்து அடைப்பு வாசலில் போய் நின்றார். அவர் அதைக் கீழே வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எம்புள்ள கீரைத் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குது தம்பி. ஒன் வாத்து கொழுத்துப்போயி நிக்குது."

"கொழுக்கல அண்ணே. நத்தையத் திங்கிது. மனுசன் திங்கிற எதையும் நான் போடல."

"முட்ட போடுதா?"

"இன்னும் இல்ல. பட்டினி கெடந்ததுங்க. ஒடம்பு தேறுனாப் போடும்."

"எப்ப? எம்புள்ள செத்ததுக்கப்புறமா?"

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அண்ணன் எங்கள் அடுப்படிக்குள் வந்து, அந்த ஆண் வாத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இது ஆண். முட்ட போடாது. இத எடுத்துக்கங்க. எல்லாப் புள்ளைக்கும் கொஞ்சமாச்சும் சேரணும். மத்ததத் தொடணுமின்னா என்னைய வெட்டிப்போட்டுட்டுத் தொடுங்க."

ராமையா அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். பெரிய பானையில் தண்ணீர் நிறைய வைத்துச் சாறாக்கி, லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஊற்றினார்கள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. நான் குடித்தேன். அண்ணனுக்கு வந்ததை அவர் அம்மாவிடம் தள்ளிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகான நாட்கள்தான் கொடுமை. வாத்து முட்டையிடவில்லை என்றால் அண்ணன் சொன்ன சொல் பொய்யாகிவிடும். தினமும் காலையில் மானாப்புல்லைக் கிளறிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. ராமையா அண்ணன் ஒன்றும் கேட்காமல் எங்கள் வாசலைக் கடந்து பெரட்டுக்குப் போவார். அவர் திட்டினால்கூடத் தேவலாம்போல் இருந்தது.

ஒரு காலையில் புல்லுக்குள் இளம்பச்சை நிறத்தில் ஒரு முட்டை கிடந்தது. நான் ஓடிப்போய் அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா அதை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி, நேராக ராமையா அண்ணன் வீட்டுக்குப் போனார். அவர்களுடைய மகள் செல்விக்கு அப்போது மூன்று வயது இருக்கும். எனக்கு அழுகை வந்தது. எனக்கும் பசிதான். பிறகு முட்டைகள் தொடர்ந்து வந்தன. சின்னப் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் முதலில் என்று அம்மா முறை வைத்தார். எங்கள் வீட்டு முறை கடைசியில்தான் வந்தது.

ஆனால் பட்டினியில் நொந்த உடம்பு லேசில் தேறுமா? மழைக்காலம் தொடங்கியதும் லயங்களில் வயிற்றோட்டம் பரவியது. ஒருநாள் மத்தியானம் செல்வியின் அம்மா பார்வதி அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளையின் கண் குழிக்குள் போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்துவிட்டு, உடனே பண்டாரவளைக்குக் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்ற வேண்டும் என்றார். தோட்டத்து லொறி காலையிலேயே தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தது. இருந்த ஒரே வழி ஐயாவின் மோட்டார் சைக்கிள். அது எங்கள் கொட்டிலில், சாக்கு விரித்து, எஞ்சின் பிரித்துக் கிடந்தது.

"திரும்பப் பூட்ட முடியுமா?" என்று ஐயா கேட்டார்.

"புது பிஸ்டன் ரிங் இன்னும் வரலைங்க ஐயா."

"பழசப் போட்டா?"

"ஓடும். பொகைக்கும். எந்த எடத்துல நிக்குமின்னு சொல்ல முடியாது."

"ஓடுனாப் போதும். பூட்டு."

அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்தார். அம்மா உப்பும் கருப்பட்டியும் கரைத்த வெந்நீரைப் பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். ராமையா அண்ணன் மலையிலிருந்து ஓடி வந்து, "நான் என்னா செய்ய?" என்று நின்றார். அண்ணன் நிமிராமல் நட்டுகளை அவர் உள்ளங்கையில் வைத்து, "கேக்கக் கேக்கக் குடுங்க" என்றார். எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கும் செப்புத் தகடு இறுகிப்போயிருந்தது. அதை அப்படியே வைத்தால் காற்றுக் கசியும். என்னிடம் கொடுத்து, "அடுப்புல போட்டுச் செவக்கச் சுட்டுத் தண்ணியில போடு. அப்பத்தான் எளகும்" என்றார். குறட்டால் பிடித்து, சிவக்கும்வரை காத்திருந்த அந்த நேரம் மிக நீண்டது. தண்ணீரில் போட்டதும் சுர்ரென்று ஆவி எழுந்தது.

ராமையா அண்ணனின் உள்ளங்கையிலிருந்து ஒரு நட்டு நழுவிப் புல்லில் விழுந்தது. எல்லாரும் குனிந்து தேடினோம். அண்ணன் அவரைப் பார்த்து ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "கெடைக்கும், மெதுவாத் தேடுங்க" என்றார். மண்ணோடு மண்ணாகக் கிடந்ததை ஐயாதான் கண்டெடுத்தார்.

பார்வதி அக்கா, "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் ஒவ்வொரு தடவையும், "இந்தா முடிஞ்சிரிச்சுக்கா" என்றார்.

முடிந்ததும் மிதித்தார். எஞ்சின் எடுக்கவில்லை. மறுபடியும் மிதித்தார். இல்லை. சட்டென்று குனிந்து பெட்ரோல் குழாயைத் திருகினார். அவசரத்தில் அதைத் திறக்க மறந்திருந்தார். அடுத்த மிதிக்கு வண்டி உறுமியது. நீலப் புகை கொட்டிலை மூடியது. பார்வதி அக்கா பிள்ளையைச் சேலையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் ஏறினார். ராமையா அண்ணன் மழையில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார்.

வழியில் நடந்ததைப் பார்வதி அக்கா பிறகு சொன்னார். பனிமூட்டத்தில் ஓரிடத்தில், ஏற்றத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டது. பழைய ரிங் விட்ட எண்ணெய் பிளக்கில் படிந்திருந்தது. கொதிக்கும் பிளக்கை ஆறவிட நேரமில்லை. அண்ணன் உடுத்தியிருந்த சாரத்தின் நுனியால் பிடித்துக் கழற்றித் துடைத்தார். விரல் தோல் உரிந்தது.

"தம்பி, புள்ள கண்ணத் தொறக்கல."

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா. நிப்பாட்டாமக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

வண்டி மறுபடி கிளம்பியது. பண்டாரவளை வரைக்கும் "செல்வி, செல்வி" என்று அவர் கூப்பிட, முன்னாலிருந்து அண்ணனும் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அன்று மாலை பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டது. நடந்தே போய்ச் சேர்ந்த ராமையா அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனின் சுட்ட கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லையாம். என்ன சொன்னார் என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல. வலிச்சிச்சு, நானும் கைய எடுக்கல" என்றார் அண்ணன்.

சில வருடங்களில் அந்தக் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்தது. பண்டாரவளை ஸ்டேசனில் வழியனுப்பினோம். அதன் பிறகு அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. செல்வி இருந்தால் இப்போது கல்யாண வயதில் இருப்பாள். இந்த மலர் எப்படியாவது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

அண்ணிக்கு ஊர் பதுளை. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் அங்கே சொந்தமாகக் கடை போட்டார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் நானா அண்ணனையும் அண்ணியையும் பிள்ளைகளையும் தன் வீட்டு உள்ளறையில் வைத்துக் காப்பாற்றினார். நிலைமை அடங்கியதும் அண்ணன் அதே இடத்தில் தகரம் அடித்து மறுபடி வேலை தொடங்கினார். வேறு ஊருக்குப் போகலாம் என்று நாங்கள் கெஞ்சினோம். "என் கைவேல தெரிஞ்ச சனம் இங்கதான் இருக்கு" என்றுவிட்டார்.

கடைசி இரண்டு வருடம் மூச்சுத் திணறல் அவரைப் படுத்தியது. படுக்கையில் இருந்துகொண்டே, வாசலில் வந்து நிற்கும் வண்டியின் சத்தத்தைக் கேட்டு, செயின் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். பதுளை ஆஸ்பத்திரியில், அண்ணி கைப்பிடித்திருக்க, ஒரு காலை வேளையில் அமைதியாகப் போனார்.

அண்ணனைக் கண்ணாகக் காத்து நின்ற அண்ணிக்கும், ஆபத்தில் கதவைத் திறந்த நானா குடும்பத்துக்கும், கடைசிவரை வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும் தாதியருக்கும், செலவையும் வேலையையும் பங்கு போட்டுக்கொண்ட லயத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு கூட்டத்தாருக்கு நன்றி சொல்ல வேண்டும். அண்ணனிடம் வண்டி திருத்திக்கொண்டவர்கள் அவர்கள்; பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. அண்ணனின் உடல் பதுளையிலிருந்து தோட்டத்துக்கு வந்த அன்று, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக முப்பது நாற்பது பேர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தீர்கள். தோட்டத்து எல்லையில் யாரும் சொல்லாமலே எஞ்சினை நிறுத்தினீர்கள். சத்தமில்லாமல், மழைச் சேற்றில், லயம் வரைக்கும் அந்த மேடு முழுவதும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறி வந்தீர்கள். அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தார். அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார்.