அடுத்த வீட்டு இடுப்பு

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கோட்டாறுக்குக் குடிவந்தபோது, சட்டிபானை கட்டித் தூக்கியதில் சுலைகா பீவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. புது ஊரில் அவள் முதலில் தேடியது எண்ணெய் தடவி உழியத் தெரிந்த ஒருத்தியைத்தான்.

வந்தவளுக்குக் கையில் நல்ல வலு. வாயில் அதைவிட வலு. காதரம்மாளின் மூட்டு, மரக்கடைக்காரர் மனைவியின் மூலநோய் என்று தெருவையே வாயால் சேர்த்து உழிந்தாள். ஆளறியாத ஊரில் சுலைகாவுக்கு அதுவும் சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் பின்வாசலில் வாழையிலை கேட்டு வந்த முன்பின் தெரியாத ஒருத்தி, "இடுப்பு தேவலையா?" என்று கேட்டாள். சுலைகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தோடு அந்தக் கை வேண்டாமென்று விட்டாள்.

அடுத்து வந்தவளும் அதே ரகம். மூன்றாவதாக வந்த ஞானப்பூ வாயே திறக்காமல் எண்ணெயைச் சூடாக்கினாள். குப்புறப் படுத்திருந்த சுலைகா சோதித்துப் பார்த்தாள்.

"அடுத்த வீட்டு மைமூனுக்கு எங்கேட்டி நோவு?"

"அது அவியளுக்க நோவுல்லா, உம்மா. நீங்க உடம்பத் தளத்திப் போடுங்க."

பிறகு எட்டு வருஷம், வியாழன்தோறும் ஞானப்பூ வந்துபோனாள். சுலைகாவின் இடுப்பு என்ன ஆயிற்றென்று கோட்டாறில் ஒருத்திக்கும் தெரியாது.